முச்சந்தியில் யார் முறை?

ஒதீல் இன்னும் சூப் கிண்ணங்களைக்கூட எடுக்கவில்லை. அதற்குள் லூசியன் மேசையில் வரைபடத்தை விரித்துவிட்டார். நான்கு மூலையிலும் நான்கு பாரம்: உப்புக் குடுவை, மிளகு ஆலை, மூக்குக் கண்ணாடிப் பெட்டி, வாடகை வீட்டின் சாவி. பக்கத்தில் அவருடைய நோட்டு, அதன் மேல் நன்றாகச் சீவிய பென்சில். முப்பத்தாறு வருஷம் லீல் நகரத்து ரயில்வேயில் நேர அட்டவணை போட்ட மனிதர். வேலையை விட்டு வந்துவிட்டார், அட்டவணை அவரை விட்டபாடில்லை.

"மூணு நாள். பார்க்க வேண்டிய இடம் பதினொண்ணு," என்றார். "இன்னைக்குப் புதன் ராத்திரி. ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்குப் புறப்பாடு. எட்டை வெட்டியாகணும்."

"உன் தலைமுடி மாதிரி," என்றாள் அவர் மனைவி ஒதீல்.

"அது தானா போச்சு. இது நாம வெட்டணும்."

இயேசு விண்ணுக்கு ஏறியதைக் கொண்டாடும் விண்ணேற்புத் திருநாள் மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, நாட்டுக்கே விடுமுறை. வெள்ளிக்கும் லீவு எடுத்து நடுவில் ஒரு பாலம் போட்டுவிட்டால் சனியும் ஞாயிறும் தானாக ஒட்டிக்கொள்ளும். நாடே அந்த நான்கு நாளும் வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது ஓடும். இவர்கள் இருவரும் ஒன்பது மணி நேரம் ஓட்டிக்கொண்டு லோத் ஆற்றுப் பக்கம் வந்து, ஒரு பண்ணை வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். 'எங்க ஊர்ப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்' என்றுதான் ஒதீல் சொல்லியிருந்தாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியின் பெயர் அன்செல்ம். அவளுடைய தம்பி, வயது அறுபத்தெட்டு. இந்த வீட்டிலிருந்து பதினெட்டுக் கிலோமீட்டரில், லா கோம்ப் என்ற பத்து வீட்டுக் குக்கிராமத்தில், அவர்கள் பிறந்த வீட்டிலேயே இருக்கிறான். அவனோடு அவள் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒதீலின் மகள் கல்யாணம் அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை வைத்திருந்தது. அக்டோபரில் அந்தப் பக்கம் அக்ரூட் விழும் காலம். 'காய் தரையில கிடக்கு, மழை வந்தா கறுத்துப்போயிடும், என்னால வர முடியாது' என்று தொலைபேசியில் சொன்னான் தாய்மாமன். 'அப்படின்னா அந்த மரத்தையே கட்டிக்கிட்டு அழு!' என்று சொல்லி ஒதீல் ஃபோனை வைத்தாள். வைத்தது வைத்ததுதான். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவன் கூப்பிடுவான் என்று இவள் இருந்தாள், இவள் கூப்பிடுவாள் என்று அவன் இருந்திருப்பான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வெட்கம் வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது. அதற்கடுத்த வருஷங்களில், பேசாமல் இருப்பதே பழகிப்போயிற்று.

இப்போது என்ன அவசரம் என்றால், லூசியனின் கண். வலது கண்ணில் திரை விழுகிறது, இனி நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒதீலுக்கு ஓட்டத் தெரியாது. லா கோம்ப் பக்கம் ரயிலும் கிடையாது. இந்த மூன்று நாளில் தம்பியைப் பார்த்தால் உண்டு, இல்லையென்றால் இருவரில் ஒருவர் சவப்பெட்டிக்குள் படுத்த பிறகு மற்றவர் வந்து பார்ப்பதுதான். இது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், தானாகப் போய்க் கதவைத் தட்ட வீம்பு விடவில்லை. தற்செயலாக எங்காவது எதிர்ப்பட்டால் போதும். அப்போது யாரும் யாரிடமும் இறங்கி வந்ததாக ஆகாது பாருங்கள்.

"ஆளுக்கு ஒரு நாள்," என்றாள் ஒதீல். "நாளைக்கு என்னோடது. வெர்னியாக் போகலாம், வியாழக்கிழமை சந்தை."

"சந்தையா? அது என் பதினொண்ணுலயே இல்லையே!"

"இல்லாட்டி பன்னெண்டாக்கு. எனக்குத் தெரியாத சந்தையா? சின்ன வயசுல வாரம் தவறாம போவோம்."

அன்செல்ம் அக்ரூட் எண்ணெய் விற்க வியாழன்தோறும் அங்கே கடை போடுவான் என்பதை அவள் சொல்லவில்லை. லூசியன் பென்சிலால் வெர்னியாக்கைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வெள்ளிக்கிழமைக்கு, பூமிக்கு அடியில் படகில் போகும் பதிராக் குகையைச் சுற்றி இன்னொரு வட்டம். சனிக்கிழமைக்குப் பாறை மேல் கோயில் கட்டிய ரோக்கமதூரா, மேற்கே இருக்கும் கோட்டையா என்று இரண்டையும் அரை வட்டம் போட்டு நிறுத்தினார்.

வியாழக்கிழமை காலை ஒதீல் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள், கழற்றினாள், மறுபடி அதையே போட்டுக்கொண்டாள். உதட்டுச் சாயம்கூட. சந்தையில் முள்ளங்கி வாங்க இவ்வளவு அலங்காரமா என்று லூசியன் பார்த்தார், கேட்கவில்லை.

வெர்னியாக் சதுக்கத்தில் ஈ காக்கை இல்லை. மேடை போட்ட பழைய சந்தைக் கூரைக்கு அடியில் ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது. லூசியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்: ஒன்பது நாற்பது. நாளை மறந்துவிட்டோமோ என்று அதிலிருந்த தேதியையும் பார்த்தார். மூலையில் திறந்திருந்த ஒரே காப்பிக் கடையில், கடைக்காரர் வெளியே நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சந்தைக்கு வந்தீங்களா மதாம்? அது நேத்தே முடிஞ்சிடுச்சே. விண்ணேற்புத் திருநாள்னா எப்பவும் முந்தின நாளே வச்சிடுவோம்."

ஒதீல் அப்படியே நின்றாள். ஐயையோ! விண்ணேற்புத் திருநாள் எந்த வருஷமும் வியாழக்கிழமைதான், எந்த வருஷமும் வெர்னியாக் சந்தை புதன்கிழமைக்குப் போய்விடும். சிறுமியாக இருந்தபோது, பூசைக்குப் போடும் வெள்ளை உடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மா சொல்லுவாள்: 'நேத்தே சந்தை முடிஞ்சது, இன்னைக்கு அழுக்குப் பண்ண சாக்குக் கிடையாது.' ஏழு வயதில் தெரிந்தது எழுபது வயதில் மறந்துபோயிற்று.

"நீங்க இந்தப் பக்கம் இல்ல போலிருக்கு," என்றார் கடைக்காரர். அவர் கண் காரின் நம்பர் பலகைக்குப் போனது. கடைசியில் மாவட்ட எண் ஐம்பத்தொன்பது. வடக்கு.

"நான் லா கோம்ப்ல பொறந்தவ!" என்று ஒதீலின் வாயிலிருந்து சத்தமாக வந்துவிட்டது. பூனை எழுந்து போயிற்று.

"லா கோம்ப்பா? அப்ப அன்செல்ம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே. நேத்து இங்கதான் எண்ணெய் வித்துட்டிருந்தாரு. ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்," என்றாள் ஒதீல். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். காரில் ஏறிய பிறகு, உதட்டுச் சாயத்தைக் கைக்குட்டையால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். அவளுக்கு அழுகையாக வந்தது. சந்தை தவறிப்போனதைவிட, 'நீங்க இந்தப் பக்கம் இல்ல' என்ற சொல்தான் அவளை அறுத்தது.

வெள்ளிக்கிழமை லூசியனுடையது. குகைக்கு இரண்டு மணி நேரம் வரிசை. நாட்டில் பாதிப் பேர் அதே பாலத்தில் ஏறி அதே குகைக்கு வந்திருந்தார்கள். அட்டவணைப்படி பதினொன்றே காலுக்குப் படகில் இருக்க வேண்டியவர், ஒன்றரைக்கு இன்னும் படிக்கட்டில் நின்றார். அதற்குள் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. இரண்டரைக்குப் போய் நின்றபோது, மூன்று உணவு விடுதிகளில் அடுப்பை அணைத்துவிட்டோம் என்று சொல்லிக் கதவைக் காட்டினார்கள். கடைசியில் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள்.

"எங்கப்பா இருந்திருந்தா உன்னைக் கொன்னிருப்பாரு," என்றாள் ஒதீல். "பன்னெண்டு மணிக்கு மேல ஒரு நிமிஷம் பசியோட இருக்க விடமாட்டாரு."

"சொல்லு, அந்தக் கதையைச் சொல்லு," என்றார் லூசியன். நாற்பது தடவை கேட்ட கதைதான். மனைவியின் முகம் வெளிச்சமாவதைப் பார்க்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அவளும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா அவளையும் தம்பியையும் தன் தகர வேனில் ஏற்றிக்கொள்வார். எங்கே போகிறோம் என்று யாருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. ஒவ்வொரு முச்சந்தியிலும் வண்டியை நிறுத்திவிட்டு, "யாரு முறை?" என்பார். முதல் முறை எப்போதும் மூத்தவள் ஒதீலுக்கு. அடுத்தது அன்செல்முக்கு. இடது என்றால் இடது, வலது என்றால் வலது. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் முணுமுணுக்கக் கூடாது. அது ஒரு சட்டம். இன்னொரு சட்டம், கோயில் மணி பன்னிரண்டு அடித்தால் எந்த இடமாக இருந்தாலும் வண்டி நிற்கும், துணி விரியும், அவித்த முட்டை வெளியே வரும். முட்டைக்கு உப்பு எடுத்துவைப்பது ஒதீலின் வேலை, ஒரு ஞாயிறுகூட அவள் அதை ஒழுங்காகச் செய்ததில்லை. "தீல் இருக்கிற வீட்டுல உப்பு வீட்டோடதான் இருக்கும்" என்று அன்செல்ம் கேலி செய்வான். தீல் என்று அவளைக் கூப்பிட்ட ஒரே ஆள் அவன். அப்புறம் எந்த எந்தச் சந்தில் திரும்பினாலும், மாடு கறக்கும் நேரத்துக்கு வேன் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அது எப்படி என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

சொல்லி முடித்துவிட்டு, "அந்த வேன்ல ஒரு நாள் திரும்ப ஏற முடிஞ்சா, நான் வேற எதையும் கேக்கமாட்டேன் லூசியன்," என்றாள்.

அன்று மாலை வாடகை வீட்டில் லூசியன் மறுபடி வரைபடத்தை விரித்தார். வெகுநேரம் ஒன்றும் எழுதாமல் பென்சிலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒதீல், இங்க வா. இதைப் பாரு."

வெர்னியாக்கில் ஒரு வட்டம், பதிராக்கில் ஒரு வட்டம், இரண்டு அரை வட்டங்கள். போன பாதை, வந்த பாதை எல்லாம் பென்சிலில் இருந்தன. நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கோடுகூட விழாத வெற்றிடம்.

"போகும்போதும் நீ வழியை மாத்தச் சொன்னே, வரும்போதும் மாத்தச் சொன்னே. இந்த இடத்தை மட்டும் சுத்திச் சுத்திப் போறோம். நான் கண்ணுல திரை விழுந்தவன்தான், குருடன் இல்ல."

ஒதீல் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள்.

"அவன் வந்து பேசட்டும்," என்றாள்.

"நீ வந்திருக்கிறதே என் மச்சானுக்குத் தெரியாது. எப்படி வந்து பேசுவான்?"

"அவன் கதவைச் சாத்திட்டா நான் எங்க போவேன்? சொல்லு. இப்ப எனக்குன்னு ஒரு ஊர் இருக்குன்னாவது நினைச்சுக்கிட்டிருக்கேன். அதுவும் இல்லாம போயிடும்."

லூசியன் நோட்டைத் திறந்து, சனிக்கிழமை என்று எழுதிய இடத்தில் ரோக்கமதூரையும் கோட்டையையும் அடித்தார். ஒன்றும் எழுதாமல் மூடினார். வரைபடத்தை மடித்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார். "நாளைக்கு உங்கப்பா மாதிரி போவோம். உன் முறைக்கு நீ சொல்லு. தம்பி முறைக்கு அவனுக்குப் பதிலா நான் சொல்றேன். யாரும் முணுமுணுக்கக் கூடாது."

அட்டவணை இல்லாமல் அந்த மனிதர் வாசற்படி தாண்டி அவள் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை காலை முட்டை அவித்து, ரொட்டி, முள்ளங்கி, வெண்ணெய், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ஸ்ட்ராபெரி எல்லாம் கூடையில் வைத்துப் புறப்பட்டார்கள். முதல் முச்சந்தி. "இடது," என்றாள் ஒதீல். இரண்டாவதில் லூசியன் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டு "வலது" என்றார். "கண்ணைத் தொறந்துக்கிட்டே சொல்லு, வண்டி ஓட்டறே!" என்று கத்தினாள். கத்திவிட்டு, சிறுமி மாதிரி சிரித்தாள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. கல் சுவர்களுக்கு நடுவே பாதை குறுகிக்கொண்டே போயிற்று. வேலியோரம் செம்மறி ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. பதினைந்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தது லூசியனின் வாழ்நாள் சாதனை.

ஏழாவது முச்சந்தியில் அவளுக்கு இடம் புரிந்துவிட்டது. இடது பக்கம் இறங்கினால் பழைய துணி துவைக்கும் குளம். அதைத் தாண்டினால் லா கோம்ப்.

"சொல்லு," என்றார் லூசியன். "உன் முறை."

ஒதீல் இடது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வலது," என்றாள்.

லூசியன் வாயைத் திறந்தார். சட்டம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டு, வலதுபுறம் திருப்பினார். அடுத்தது அவர் முறை, "இடது" என்றார். பாதை ஓக் காட்டைச் சுற்றிக்கொண்டு போனது. ஒன்பதாவதில் எந்தப் பக்கம் எங்கே போகும் என்று தெரியாமலே ஒதீல் "இடது" என்றாள். காடு முடிந்தது. எதிரே சரிவு முழுக்க அக்ரூட் மரங்கள், இப்போதுதான் இலை விட்டிருந்தன. அடியில் ஒரு கல் சிலுவை, அதன் காலடியில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலது பெரிய சாலைக்கு. இடது பக்கம், முந்நூறு மீட்டரில், அவள் பிறந்த வீட்டின் கூரை தெரிந்தது.

அந்தப் பீடபூமியில் எந்தச் சந்தில் திரும்பினாலும் சுற்றி இங்கேதான் வந்து சேருமோ என்னவோ! அப்பாவின் வித்தை இதுதானா என்று அறுபது வருஷம் கழித்து அவளுக்குத் தோன்றியது.

"பத்தாவது," என்றாள் குரலே இல்லாமல். "அவன் முறை. நீ சொல்லு."

லூசியன் எஞ்சினை அணைத்தார். "இதை நான் சொல்லமாட்டேன். ஒம்போது வரைக்கும் பதிலாள் வேலை பார்த்தாச்சு. இது அவன் சொல்ல வேண்டியது."

"அவன் எங்க இருக்கான் சொல்றதுக்கு!"

அப்போது கோயில் மணி அடித்தது. மூவேளைச் செப மணி. கீறல் விழுந்த அந்தப் பழைய மணியேதான், சிறுவயதில் கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய நாளில் கேட்ட அதே உடைந்த குரல். பன்னிரண்டு.

பன்னிரண்டு அடித்தால் நிற்க வேண்டும். அவள் கை தானாகக் கூடையை எடுத்தது. சிலுவைக்குப் பக்கத்துப் புல்லில் துணியை விரித்தாள். முட்டையை உரித்து லூசியனிடம் கொடுத்தாள். அவர் கூடையைத் துழாவினார்.

"உப்பு எங்க?"

வாடகை வீட்டு மேசையில், உப்புக் குடுவை இருந்த இடத்திலேயே இருந்தது. ஒதீலுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ஒன்றை அவள் யோசித்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் மணி பன்னிரண்டு அடித்தால், வயலில், பட்டறையில், கடையில் இருக்கும் அத்தனை மனிதர்களும் அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிட வீட்டுக்குத் திரும்புவார்கள். காட்டுப் பக்கத்து வயல்களிலிருந்து லா கோம்ப்புக்குத் திரும்பும் எவனும் இந்தச் சிலுவையைத் தாண்டித்தான் போக வேண்டும். காட்டுப் பாதையில் ஒரு வெள்ளை வேன் தூசி கிளப்பிக்கொண்டு வந்தது. இவர்களைத் தாண்டியது. சடாரென்று நின்றது. பின்னோக்கி வந்தது.

வேன் சன்னலில் கை ஊன்றியபடி ஒரு கிழவன். தொப்பி, வெள்ளை மீசை. அப்பாவேதான் என்று ஒதீல் ஒரு நொடி நினைத்துவிட்டாள். பிறகுதான் தம்பியின் கண்கள் தெரிந்தன.

அவன் நம்பர் பலகையைப் பார்த்தான். லூசியனைப் பார்த்துத் தலையசைத்தான். புல்லில் கிடந்த முட்டை ஓட்டைப் பார்த்தான். கடைசியில் அவளைப் பார்த்தான்.

"விண்ணேற்புத் திருநாள் அன்னைக்குச் சந்தைக்கு வந்து நின்ன பொம்பளை யாருன்னு வெர்னியாக்கே சிரிக்குது," என்றான். "லா கோம்ப்ல பொறந்தவன்னு வேற சொன்னாளாம்."

ஒதீல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த ஒரு வாக்கியம்கூட வரவில்லை.

"ரெண்டு நாளா இந்த ரோட்டுல போற வர்ற ஒவ்வொரு வடக்கத்தி வண்டியையும் எட்டி எட்டிப் பார்க்கறேன்," என்றான் அன்செல்ம். "கழுத்தே பிடிச்சுக்கிச்சு." அவன் குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இரண்டு பாதைகளையும் மாறி மாறிப் பார்த்தான். அப்பா பார்ப்பது போலவே பார்த்தான்.

"யாரு முறை, தீல்?"

அவளுக்குக் கண்ணிலிருந்து கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

"உன்னோடதுதான்," என்றாள். "பத்தாவது. உன்னோடது."

"உப்பு கொண்டு வந்தியா?"

"இல்ல."

"தெரியும்." அன்செல்ம் இடது கையை வெளியே நீட்டி, கூரையைக் காட்டினான். "இடது. உப்பு வீட்டுலதான் இருக்கு. சீக்கிரம் வா, சூப் ஆறிடும்."

அவன் வேன் முன்னே போயிற்று. ஒதீல் துணியின் நான்கு முனையையும் பிடித்து, முட்டை ஓடு, ரொட்டித் தூள் எல்லாவற்றோடும் சேர்த்து அப்படியே சுருட்டிக் கூடைக்குள் திணித்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். லூசியன் இன்னும் எஞ்சினைக் கிளப்பவில்லை. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு பக்கம் புரட்டினார். 'ஞாயிறு, காலை ஏழு மணி, புறப்பாடு' என்ற வரியைத் தேடிப் பிடித்து, பென்சிலால் அடித்தார். பிறகு இடது பக்கம் திருப்பினார்.